‘அடி’ எப்படி ‘அட’ ஆனது: ஒரு பப்ஜி ஆய்வேட்டின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

2019-இல் ஒரு மாணவி முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்தார். நான் அவருடைய இணை நெறியாளர். அவர் எடுத்துக்கொண்ட கேள்வி கேட்பதற்கு எளிமையாக இருந்தது: பப்ஜி மொபைல் ஆடும்போது தமிழ்ப் பையன்கள் ஒருவரோடொருவர் என்ன பேசிக்கொள்கிறார்கள்? விளையாட்டு 2018 மார்ச்சில் வெளிவந்திருந்தது. அடுத்த வருடமே டீக்கடை, கல்லூரி விடுதி, பேருந்து நிலையம் என்று எங்கே பார்த்தாலும் நாலு பேர் ஃபோனைப் படுக்கவைத்துப் பிடித்தபடி, பக்கத்தில் இருப்பவனிடமே காதுக்கருவி வழியாகக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்காக: 100 பேர் பாராசூட்டில் ஒரு தீவில் குதிப்பார்கள். எட்டுக்கு எட்டு கிலோமீட்டர் பரப்புள்ள எராங்கல்தான் அதில் பெயர்பெற்ற வரைபடம். துப்பாக்கி, மருந்து, கவசம் எல்லாம் வீடு வீடாகத் தேடி எடுக்க வேண்டும். பாதுகாப்பான வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். கடைசியாக மிஞ்சும் அணிக்குச் ‘சிக்கன் டின்னர்’. நாலு பேர் சேர்ந்து ஆடும்போது பேச்சு இல்லாமல் ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது.

விளையாட்டு ஆய்வு என்ற துறை தனக்கென்று ஒரு ஆய்விதழோடு நடக்கத் தொடங்கியது 2001-இல். விளையாட்டைக் கதையாகப் படிப்பதா, விதிகளின் அமைப்பாகப் படிப்பதா என்ற வாதம் அந்த ஆரம்ப ஆண்டுகளில் ஓங்கி ஒலித்தது. எங்கள் மாணவிக்கு இரண்டிலும் பெரிய ஆர்வம் இல்லை. திரைக்கு இந்தப் பக்கம் நடக்கும் பேச்சுதான் அவருக்கு வேண்டும். தென் மாவட்டம் ஒன்றில் ஒரு சிறு நகரம், அங்கே ஒரு ரீசார்ஜ் கடையின் மாடி அறை, மூன்று அணிகள், பன்னிரண்டு பையன்கள். கல்லூரி மாணவர்கள், ஒரு பட்டறைத் தொழிலாளி, பதினெட்டு வயது நிரம்பாத இரண்டு பேர். அந்த இருவருக்கும் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கினோம். ஒருவனுடைய அப்பா லேசில் சம்மதிக்கவில்லை. 2019 மார்ச்சில் ராஜ்கோட்டில் காவல் துறை இந்த விளையாட்டுக்குத் தடை போட்டு, மீறி ஆடியதாக இளைஞர்களைக் கைது செய்த செய்தி அவருக்கு நன்றாக நினைவிருந்தது. கடையில் உட்கார்ந்து நாள் முழுவதும் நடப்பதைப் பார்த்த பிறகுதான் அவர் கையெழுத்துப் போட்டார்.

அக்டோபர் முதல் மாணவி அந்த மாடி அறையில் உட்கார்ந்து பேச்சைப் பதிவு செய்தார். பதிவுகளை அவரே தமிழ் எழுத்தில் எழுதினார், பேச்சு எப்படி இருந்ததோ அப்படியே. ‘அடித்துவிட்டான்’ என்று திருத்தாமல் ‘அடிச்சுட்டான்’ என்று. இது அவருடைய நல்ல முடிவுகளில் ஒன்று.

களம் மூடியது

2020 மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. மாடி அறை பூட்டப்பட்டது. பையன்கள் வீட்டிலிருந்து ஆடினார்கள். தங்கள் ஃபோனிலேயே பதிவு செய்து அனுப்பினார்கள். சமையலறைச் சத்தம், அம்மா கூப்பிடும் குரல், தம்பி அழும் சத்தம் எல்லாம் அதில் கலந்திருந்தன.

செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. பப்ஜி மொபைலும் அந்தப் பட்டியலில் இருந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் வந்த ஆணை அது. அக்டோபர் 30-ஆம் தேதி இந்திய ஆட்டக்காரர்களுக்கான சேவையே முழுதாக நின்றுபோனது. ஆய்வின் பொருள் ஆய்வின் நடுவிலேயே காணாமல் போனது.

சில பையன்கள் இருக்கும் நாட்டை மறைத்துக்காட்டும் விபிஎன் வைத்தும், கொரியப் பதிப்பை இறக்கியும் ஆடிக்கொண்டிருந்தார்கள். “நாங்க ஆடுறோம்க்கா, நீங்க ரெக்கார்ட் பண்ணிக்கோங்க” என்று அவர்களே சொன்னார்கள். மாணவிக்கும் ஆசை இருந்தது. அவரும் இரண்டு நெறியாளர்களும் உட்கார்ந்து பேசினோம். 69ஏ முதன்மையாக இணையச் சேவை, செயலிக் கடை போன்ற இடைநிலை நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்துகிறது, வீட்டில் ஆடுகிற பையனைத் தேடி வருகிற பிரிவு அது இல்லை என்று ஒரு வாதம் வந்தது. ஆனால் பதிவு செய்கிறவர் நாம். தடை செய்யப்பட்ட ஒன்றை ஒரு பதினேழு வயதுப் பையன் ஆடுகிறான் என்பதற்கு அவன் குரலோடு ஆதாரம் உண்டாக்கி வைப்பதும் நாம்தான். அந்த அப்பா கையெழுத்துப் போட்டது இதற்காக இல்லை. வேண்டாம் என்று முடிவெடுத்தோம். இன்றும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

அந்த முடிவோடு சேர்ந்து இன்னொன்றையும் நாங்கள் செய்துவிட்டோம். களம் போனதால், கையில் இருக்கும் எழுத்துப் படியே இனி எல்லாம் என்று ஆகிவிட்டது. அதுவரை காதால் கேட்ட பேச்சு, அதன் பிறகு வெறும் கோப்பு.

எண்ணத் தொடங்கினோம்

கோப்புதான் இருக்கிறது என்றால் அதை எண்ணலாமே என்ற யோசனை என்னுடையது. இலக்கியம், மொழி போன்றவற்றைக் கணினி கொண்டு ஆராயும் டிஜிட்டல் மானுடவியல் படிப்புகளில் மாணவர்கள் முதலில் கற்றுக்கொள்வதும் இதைத்தான்: எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது, எதோடு சேர்ந்து வருகிறது. பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட ஒரு கருவித்தொகுப்பை இறக்கிக் கொடுத்தேன். மாணவிக்கு நிரல் எழுதிப் பழக்கம் இல்லை. எனக்கு ஓரளவு உண்டு. ஆங்கிலப் பனுவல்களில் அதே கருவியைப் பல முறை பயன்படுத்தியிருக்கிறேன். எந்தச் சிக்கலும் வந்ததில்லை.

சொற்பட்டியல் வந்தது. உச்சியில் ‘அட’. கொஞ்சம் கீழே ‘மச’, ‘நண’, ‘அண’ என்று சில துண்டுகள். “சார், இதெல்லாம் பாதிச் சொல்லா இருக்கே?” என்று மாணவி கேட்டார். கருவி அடிச்சொல்லை மட்டும் பிரித்துக் கொடுக்கிறது போலும் என்று நான் பதில் சொன்னேன். மச்சான், மச்சி இரண்டுக்கும் பொதுவாக ‘மச’, நண்பாவுக்கு ‘நண’, அண்ணாவுக்கு ‘அண’. பார்க்க அப்படித்தான் இருந்தது. சரிபார்க்காமல் சொன்ன அந்தப் பதில்தான் அடுத்த மூன்று மாத வேலையைக் கெடுத்தது.

‘அட’வை வைத்து மாணவி ஒரு இயல் எழுதினார். மிக நன்றாக எழுதினார், அதுதான் வருத்தம். போர் விளையாட்டு என்று வெளியே பயப்படுகிறார்கள், ஆனால் உள்ளே பையன்களின் பேச்சில் முதலிடம் பிடிப்பது வியப்பு. சுடும் விளையாட்டு வியந்து மகிழும் இடமாகவும் இருக்கிறது என்று அதில் வாதிட்டிருந்தார். நாளிதழ்களில் அப்போது வந்துகொண்டிருந்த ‘பப்ஜி வன்முறை’ கட்டுரைகளுக்கு அழகான மறுப்பு. நாங்கள் மூன்று பேருமே அது உண்மையாக இருக்க வேண்டும் என்று விரும்பினோம். ஒரு தேசியக் கருத்தரங்குக்குச் சுருக்கம் அனுப்பினோம், ஏற்றுக்கொண்டார்கள்.

அந்த ஒரு கேள்வி

எழுதியதைப் பையன்களிடம் காட்ட வேண்டும் என்பது மாணவி ஆரம்பத்திலேயே கொடுத்திருந்த வாக்கு. 2021 பிப்ரவரியில் அந்த ஊருக்குப் போனார். பட்டறையில் வேலை செய்யும் பையன் அட்டவணையைக் கையில் வாங்கி, மேலிருந்து கீழாக விரலை வைத்துப் படித்தான்.

“அக்கா, நாங்க எங்கக்கா ‘அட’ன்னு சொன்னோம்?”

“நிறைய இடத்துல சொல்லியிருக்கீங்களே. இதுதான் முதல்ல வருது.”

“இல்லக்கா. ‘அடப்பாவி’ன்னு சொல்லுவோம். சும்மா ‘அட’ன்னு யாருக்கா சொல்லுவா, எங்க தாத்தாதான் சொல்லுவாரு.” கொஞ்சம் நிறுத்தி, “சரி, ‘வா’ எங்க? ‘போ’ எங்க? ‘பின்னாடி’ எங்க? நாங்க அதத்தான கத்துவோம்?” என்று கேட்டான்.

பட்டியலில் அந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. மாணவி அன்றிரவே எனக்கு ஃபோன் செய்தார். குரலில் நடுக்கம் இருந்தது.

கருவிக்குள் நடந்தது

கணினிகள் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் தமிழ் எழுத்து எப்படிச் சேமிக்கப்படுகிறது என்பதில்தான் விஷயம். ‘டி’ நமக்கு ஒரே எழுத்து. கணினிக்கு அது இரண்டு குறியீடு: ‘ட’ ஒன்று, கொக்கி ஒன்று. ‘ச்’ என்பதும் இரண்டு: ‘ச’, மேலே புள்ளி. பைத்தானின் வழக்கமான தேடல் முறையில் ‘சொல்லுக்குள் வரக்கூடிய எழுத்து’ என்ற வகையில் ‘ட’, ‘ச’ போன்றவை அடங்கும். கொக்கி, கால், கொம்பு, புள்ளி எதுவும் அடங்காது. அவற்றைக் காற்புள்ளி போலவும் இடைவெளி போலவும் எண்ணி, கருவி அந்த இடத்தில் சொல்லை வெட்டிவிடும். அதற்கு மேல், எங்கள் கருவித்தொகுப்பின் இயல்பு அமைப்பில் ஒற்றை எழுத்துத் துண்டுகளைக் கழித்துவிடும் விதியும் இருந்தது. ஆங்கிலத்தில் ‘ஏ’, ‘ஐ’ போன்ற ஓரெழுத்துச் சொற்களைத் தள்ள அது உதவும்.

பதிவிலிருந்த ஒரு வரியை எடுத்து ஓட்டிப் பார்த்தோம்: ‘மச்சான், அடிக்காத, மரத்துக்குப் பின்னாடி இரு.’ வெளியே வந்தவை நான்கு துண்டுகள்: மச, அட, மரத, இர. ‘பின்னாடி’ ஒரு எழுத்துகூட மிஞ்சாமல் கரைந்துபோனது. அதில் எல்லாமே ஒற்றைத் துண்டுகள். ‘வா’, ‘போ’, ‘மேல’, ‘கீழ’, ‘சுடு’, ‘தூக்கு’ எல்லாவற்றுக்கும் அதே கதி.

‘அடி’யில் கொக்கியை வெட்டினால் ‘அட’. ‘அடிச்சுட்டான்’ வெட்டினால் ‘அட’. ‘அடிக்காத’ வெட்டினாலும் ‘அட’. அடி என்பதும் அடிக்காதே என்பதும் ஒரே வரியில் போய் விழுந்து, வியப்பு என்று பெயர் வாங்கியிருந்தன. உண்மையிலேயே வியப்பும் திட்டும் கலந்த ‘அடப்பாவி’யோ ‘அடப’ என்று வெட்டுப்பட்டு, பட்டியலின் அடியில் எங்கோ தனியாகக் கிடந்தது. பட்டியலில் ‘மர’ என்று ஒன்று இருந்தது. மரத்துக்குப் பின்னால் ஒளிகிறார்கள் என்று நினைத்திருந்தோம். அது ‘மருந்து’.

இது மறைந்து கிடந்த ரகசியம் எல்லாம் இல்லை. இந்திய மொழிகளில் கணினி வேலை செய்கிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். நான் கேட்டிருந்தால் அரை மணி நேரத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள். ஒரே ஒரு வரியை முன்கூட்டி ஓட்டிப் பார்த்திருந்தால் நானே கண்டுபிடித்திருப்பேன்.

எடுத்த முடிவுகள்

முதலில் கருத்தரங்குக் கட்டுரை. திருத்திய எண்களைப் போட்டு, வாதத்தை லேசாக மாற்றிப் படித்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. இன்னும் மூன்று வாரம் இருந்தது. மாணவி மறுத்தார். வியப்பு என்ற வாதமே போய்விட்டது, மாற்றுவதற்கு அதில் எதுவும் இல்லை என்றார். கட்டுரையைத் திரும்பப் பெற்று, காரணத்தை அமைப்பாளர்களுக்கு அப்படியே எழுதினோம். ஆய்வுக் குழுவுக்கும் அறிக்கை கொடுத்தோம். அதில் ‘அடிச்சொல்’ என்று விளக்கம் சொன்னது நான் என்பதை எழுத வேண்டும் என்று வற்புறுத்தினேன். நிரல் தெரியாத மாணவி மேல் அந்தப் பழி விழுந்திருக்கக் கூடாது.

அடுத்து, எண்ணுவதை விட்டுவிடுவதா என்ற கேள்வி. முதன்மை நெறியாளர் தமிழ்த் துறைக்காரர். அவர் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: “பட்டியல் போடாதீங்க, சொல்லடைவு போடுங்க.” சொல்லடைவில் சொல் தனியாக நிற்பதில்லை. எந்தப் பாட்டு, எந்த அடி என்ற இடமும் கூடவே நிற்கும். 1962-இல் வ.அய். சுப்பிரமணியம் புறநானூற்றுக்குச் செய்த சொல்லடைவைப் புரட்டியவர்களுக்கு இது தெரியும். சந்தேகம் வந்தால் உடனே பாட்டுக்குத் திரும்பலாம். டிஜிட்டல் மானுடவியலின் தொடக்கமாகச் சொல்லப்படுவதும் ஒரு சொல்லடைவுதான். இத்தாலியப் பாதிரியார் ரொபர்தோ பூசா 1949-இல் ஐபிஎம் நிறுவனத்தின் உதவியோடு இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்வினாஸின் எழுத்துகளுக்காக ஆரம்பித்தது 56 தொகுதிகளாக முடிய முப்பது ஆண்டுகள் ஆயின. எங்கள் பட்டியலில் எண் மட்டும் இருந்தது, திரும்பிப் போக வழி இல்லை.

ஆகவே, இடைவெளியையும் நிறுத்தக்குறிகளையும் மட்டும் வைத்துச் சொற்களைப் பிரித்தோம். ‘போ’வில் ‘ப’வைச் சுற்றி வரும் கொம்பையும் காலையும் சேர்த்து ஒற்றைக் குறியீடாகவும், தனித்தனியாகவும் தட்டச்சு செய்ய முடியும் என்பதால் முதலில் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தோம். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே பதிவு எண், நிமிடம், நொடி. அப்புறம் மாணவி காதுக்கருவியை மாட்டிக்கொண்டு எல்லாப் பதிவுகளையும் முதலிலிருந்து மறுபடியும் கேட்டார். ‘அடி’ வரும் ஒவ்வொரு இடத்தையும் கையால் பிரித்தார்: ஏவல், தடுப்பு, நடந்ததைச் சொல்வது, ‘மரத்தடியில்’ போன்ற வேறு பொருள். 2021 முழுவதும் இதற்கே போனது.

பின்விளைவு

பிரித்துப் பார்த்தபோது வந்தது, பழைய இயலைவிடச் சுவையான ஒன்று. அணித்தலைவனாக இருக்கும் பையனின் வாயில் ‘அடி’யைவிட ‘அடிக்காத’, ‘இரு’, ‘பொறு’ ஆகியவையே அடர்த்தியாக வந்தன. காரணம் ஆட்டத்திலேயே இருக்கிறது. பப்ஜி மொபைலில் யாராவது சுட்டால், அருகில் இருப்பவர்களின் சிறு வரைபடத்தில் சத்தம் வந்த திசை தெரியும். ஒரு குண்டு, நாலு பேரையும் காட்டிக் கொடுத்துவிடும். அதனால் நல்ல தலைவனின் வேலை பெரும்பாலும் மற்றவர்களின் விரலை அடக்கிவைப்பது. அதையும் அவன் ‘மச்சான்’, ‘தம்பி’, ‘டேய்’ என்ற விளிகளை மாற்றி மாற்றிப் போட்டுச் செய்கிறான். கோபம் வரும்போது தம்பி டேய் ஆகிறான். மருந்து கேட்கும்போது டேய் மச்சானாகிறான். வன்முறையா, இல்லையா என்று இரண்டே கட்சியாக நின்ற விவாதத்துக்கு இது எந்தப் பக்கமும் சாட்சி சொல்லவில்லை. ஆனால் கேட்கக் கிடைத்த பேச்சு இதுதான்.

2021 ஜூலை 2-ஆம் தேதி அதே விளையாட்டு பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்ற பெயரில் வந்தது. இரத்தம் பச்சையாகியிருந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நாளுக்கு மூன்று மணி நேரம் என்று வரம்பு வந்தது. சட்டப்படி மறுபடி பதிவு செய்யலாம் என்ற நிலை. நாங்கள் புதிய பதிவுகளைப் பழைய தொகுப்போடு சேர்க்கவில்லை. ஆட்டம் மாறியிருந்தது, பையன்களும் இரண்டு வயது வளர்ந்திருந்தார்கள். மாணவி சில நாட்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார், குறிப்பு மட்டும் எடுத்தார், தன் பிரிவுகள் சரியா என்று அவர்களிடமே கேட்டுத் திருத்தினார். 2022 ஜூலை 28-ஆம் தேதி அந்தச் செயலியும் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. முன்பு ஊருக்குப் போகாமல் தள்ளிப்போட்டிருந்தால் அந்த வாய்ப்பும் கிடைத்திருக்காது. 2023 மேயில் செயலி திரும்பியபோது ஆய்வேடு தட்டச்சில் இருந்தது.

பிழை நடந்த விதத்தை மாணவி பின்னிணைப்பில் ஒளித்து வைக்கவில்லை. முறையியல் இயலிலேயே, பழைய அட்டவணையும் புதிய அட்டவணையும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. வாய்மொழித் தேர்வில் புறத் தேர்வாளர் அதிக நேரம் கேள்வி கேட்டது அந்த இரண்டு பக்கங்களைப் பற்றித்தான். பட்டம் கிடைத்தது, திட்டமிட்டதைவிட ஒரு வருடத்துக்கு மேல் தாமதமாக. உதவித்தொகைக் காலம் அதற்குள் முடிந்துவிட்டிருந்தது. கடைசி மாதங்களில் அவர் ஒரு கல்லூரியில் பகுதி நேரமாக வகுப்பெடுத்துக்கொண்டே எழுதினார். அந்தச் சுமை எங்கள் பிழையால் வந்தது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இப்போது என்னிடம் வரும் மாணவர்களுக்கு எந்தக் கருவியைக் கொடுப்பதற்கு முன்பும் அந்த மச்சான் வரியை ஓட்டிக் காட்டச் சொல்கிறேன். உள்ளே போன வரி முழுதாகத் திரும்பி வந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. ‘அடிச்சொல்’ என்று ஒருவர் விளக்கம் சொன்னால், எந்த நிரல் வரி அதைச் செய்கிறது என்று காட்டச் சொல்கிறேன். பேசியவர்களிடம் அட்டவணையைக் காட்டுவதை ஆய்வு முடிந்த பிறகு செய்யும் மரியாதையாக வைக்காமல், இயல் எழுதுவதற்கு முன்பே செய்ய வேண்டும். பட்டறைப் பையனுக்கு அந்தப் பிழையைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதுமாக இருந்தது.

சம்மதப் படிவத்திலும் ஒரு குறை இருந்தது. ஆய்வு முடிந்ததும் குரல் பதிவுகளை அழித்துவிடுவோம் என்று 2019-இல் எழுதிக் கொடுத்திருந்தோம். அப்போது அது பாதுகாப்பான வாக்காகத் தெரிந்தது. ஆனால் 2019-இல் அவர்கள் ஆடிய ஆட்டத்தை இன்று யாரும் ஆட முடியாது. அந்தப் பதிப்பு சேவையகத்தோடு போய்விட்டது. கேசட்டில் வந்த பழைய வீடியோ விளையாட்டு என்றால் எங்காவது ஒரு பிரதி கிடைக்கும், இதற்கு அப்படி வழி இல்லை. அந்த மாடி அறையில் எப்படி ஆடினார்கள் என்பதற்கு மிச்சம் இருப்பது அந்தக் குரல்கள் மட்டுமே. மாணவி பன்னிரண்டு பேரையும் மறுபடி தேடிப் போய்க் கேட்டார். ஒன்பது பேர் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். ஒருவன் வளைகுடாவுக்கு வேலைக்குப் போயிருந்தான், எண் கிடைக்கவில்லை. ஒரே பதிவில் நாலு குரல் கலந்திருக்கும் என்பதால், அந்த மூன்று பேர் இருந்த அணிகளின் பதிவுகளை அவர் மொத்தமாக அழித்தார். மீதி ஒரு அணியின் பதிவுகள் மட்டும் இப்போது துறை அலமாரியில், ஒரு வன்தட்டில் இருக்கின்றன.